தாவித்தை முந்திய புரூஜ்காரர்: ஓவியர் ஜோசப்-பெனுவா சூவே

கரிக்கோடு:

போன மாதம் வேலை விஷயமாக பிரஸ்ஸல்ஸ் போயிருந்தேன். நடுவில் ஒரு ஞாயிறு கிடைத்தது. ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் புரூஜ். அங்கே குரூனிங்கெ மியூசியம். எல்லோரையும் போல நானும் யான் வான் எய்க்குக்காகத்தான் போனேன். 1436-ல் அவர் முடித்த, வான் டெர் பாலே பாதிரியார் மாதாவின் முன் மண்டியிட்டிருக்கும் படத்தின் எதிரே நின்று, அந்தக் கம்பளத்தின் நூலை எண்ணிவிடலாம் போல இருக்கிறதே என்று வியந்து, கால் வலித்த பிறகுதான் மற்ற அறைகளுக்கு நகர்ந்தேன்.

அங்கே நெட்டையாக ஒரு படம். இரண்டரை மீட்டருக்கு மேல் உயரம், அகலம் அதில் பாதி. இருட்டு அறை, விளக்கு வெளிச்சம். ஒருத்தி தன் காதலனின் நிழலைச் சுவரில் கோடாக இழுக்கிறாள். அவன் அவளை அணைத்துக்கொண்டிருக்கிறான். கம்பளத்து நூல், நகையின் மினுக்கு எதுவும் கிடையாது. இரண்டு உடம்பு, ஒரு சுவர், ஒரு கோடு, அவ்வளவுதான். சித்திரக்கலை பிறந்த கதை என்பது படத்தின் பொருள். ஆண்டு 1791. வரைந்தவர் ஜோசப்-பெனுவா சூவே.

பெயரை அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை. அறைக்குத் திரும்பித் தேடியபோதுதான் தெரிந்தது: 1771-ல் பிரெஞ்சு அகாடமியின் ரோம் பரிசுப் போட்டியில் முதலில் வந்தவர் இவர். இரண்டாவதாக வந்தவர் ழாக்-லூயி தாவித். ஆம், ‘மாராவின் மரணம்’ வரைந்த அதே தாவித்!

1743 ஜனவரி 3-ல் புரூஜில் பிறப்பு. ஊர் அகாடமியில் மத்தியாஸ் டி விஷ் என்பவரிடம் முதல் பாடம். இருபது வயதில் பாரிஸ் போய் பாஷெலியே என்பவரிடம் சேர்ந்தார். இவரைப் பற்றித் தமிழில் ஒரு வரிகூடக் கண்ணில் படவில்லை, அதனால்தான் இந்த இழை. தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்ளுங்கள்.

சும்மா_வந்தவன்:

அண்ணா, ஒரு அடிப்படை சந்தேகம். இவர் ஃப்ளெமிஷா (அதாவது புரூஜ் பக்கத்துக்காரரா), பிரெஞ்சா? பாரிஸில் படித்து, பிரெஞ்சுப் பரிசு வாங்கி, பிரெஞ்சு அகாடமியில் சேர்ந்தவரை புரூஜ்காரர் என்று எப்படிச் சொல்வது?

கரிக்கோடு:

பிறந்தபோது புரூஜ் ஆஸ்திரிய ஆட்சியின் கீழ் இருந்தது. 1795-ல் பிரான்ஸ் அந்தப் பகுதியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பெல்ஜியம் என்ற நாடு வந்ததே 1830-ல்தான், சூவே செத்து 23 வருஷம் கழித்து. பாஸ்போர்ட் கணக்கில் பார்த்தால் தலை சுற்றும். ஊர்க்காரர்கள் அவரை விட்டுக்கொடுக்கவில்லை, அவரும் புரூஜ் பையன்கள் பலரைத் தன்னிடம் சேர்த்துக்கொண்டார். எனக்கு அது போதும்.

லா_ஷப்பல்வாசி:

நான் பாரிஸில் இருப்பவன். லூவ்ரில் தாவித்தின் அந்த 1771 படம் இருக்கிறது, பார்த்திருக்கிறேன். சூவேயுடையது லீல் நகர மியூசியத்தில்.

போட்டி எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் தோல்வியின் வலி புரியாது. தலைப்பை அகாடமி கொடுக்கும். முதலில் சின்னதாக ஒரு வரைவு கொடுக்க வேண்டும். அதில் தேறியவர்களை ஆளுக்கொரு தடுப்பறையில் வாரக்கணக்கில் அடைத்துவிடுவார்கள். முதலில் கொடுத்த வரைவை விட்டு விலகக்கூடாது, வெளியிலிருந்து யாருடைய கையும் உதவக்கூடாது. ஜெயித்தவருக்கு ரோமில் அரசாங்கச் செலவில் சில வருஷம் தங்கிப் படிக்கலாம். அந்தக் காலத்தில் ஒரு பிரெஞ்சு ஓவியனின் தலையெழுத்தே அதில்தான் இருந்தது.

1771-ன் தலைப்பு, ஹோமரின் இலியட்டில் வரும் மினர்வா தேவி, மார்ஸ் சண்டை. இருபத்தொன்றாம் காண்டத்தில் அவள் ஒரு கல்லைத் தூக்கி எறிந்து அவனைச் சாய்த்துவிடுவாள். போர்க்கடவுளே தரையில் கிடப்பான்.

தாவித் மறு வருஷமும் போட்டியிட்டுத் தோற்றார். பட்டினி கிடந்தே செத்துவிடுகிறேன் என்று அறையைச் சாத்திக்கொண்டார், தூவாயேன் என்ற மூத்த ஓவியர் வந்து பேசித்தான் கதவைத் திறந்தார். 1773-லும் தோல்வி, அந்த வருஷம் பேய்ரோன் ஜெயித்தார். 1774-ல்தான் கிடைத்தது. இதில் சூவே மீது மட்டும் வந்த கசப்பு கடைசிவரை ஆறவில்லை.

பட்டறைக்காரன்:

கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், மன்னிக்கவும். “தாவித்தைத் தோற்கடித்தவர்” என்று தலையில் தூக்கி வைப்பதே சூவேக்குச் செய்கிற அநியாயம். 28 வயது ஆள் 23 வயதுப் பையனை ஒரு தேர்வில் ஜெயித்தார். அதற்கப்புறம்? தாவித் 1784-ல் ஹொராட்டியர்களின் சபதத்தை முடித்தார். அந்த ஒரே படத்தில் ஐரோப்பா முழுக்க ஓவியத்தின் போக்கு மாறிப்போனது. சூவே அந்த வருஷங்களில் என்ன வரைந்தார்? அணைந்த கோயில் நெருப்பை மறுபடி மூட்டும் வெஸ்டல் என்ற ரோமானியக் கன்னிப் பூசாரி. கோலின்யி தளபதியின் கொலை. கிராக்கஸ் சகோதரர்களின் தாய் கொர்னேலியா. ஒவ்வொன்றும் ஒழுங்காக இருக்கும். கை சரியான இடத்தில், துணி மடிப்பு சரியான இடத்தில். நான் பார்த்தவரை ஒன்றும் மனதில் ஒட்டவில்லை.

நல்ல மாணவன் எல்லாம் நல்ல ஓவியன் ஆவதில்லை. எங்கள் கல்லூரியில் வருஷா வருஷம் தங்கப்பதக்கம் வாங்கியவர்களை நினைத்துப் பார்க்கிறேன். நானும் ஒருத்தன். சைன் போர்டு பட்டறை வைத்திருக்கிறேன்.

ஓவிய_டீச்சர்:

தம்பி, பாதி ஒத்துக்கொள்கிறேன். கொர்னேலியா படத்தை 1795-ல் வைத்துப் பாருங்கள். பணக்காரத் தோழி நகைகளைக் காட்டுகிறாள், “என் நகை இவர்கள்தான்” என்று கொர்னேலியா பிள்ளைகளைக் காட்டுகிறாள். நமக்கு இது பள்ளிக்கூட நீதிக்கதை. அதை வரைந்தவர் ஜெயிலிலிருந்து வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

1771-க்கு வருவோம். தாவித்தின் அந்தப் படத்தை யாராவது நிஜமாகவே ஒரு நிமிஷம் நின்று பார்த்தீர்களா? மேகத்தில் வீனஸ் மிதந்து வருகிறாள், குட்டிக் குழந்தைகள், சிவப்பும் ரோஜாவும் குழைந்த நிறம். அந்தக் கால அரசவை ஓவியர் பூஷேயின் வாடை அப்படியே அடிக்கிறது. பூஷே அவருக்குத் தூரத்து உறவு, அவர்தான் பையனை வியேன் என்ற ஓவியரிடம் படிக்க அனுப்பிவைத்தார். பின்னாளில் நாம் கும்பிடும் அந்த இறுகிய தாவித் இந்தப் படத்தில் இன்னும் பிறக்கவில்லை. நடுவர்கள் கண் தெரியாமல் தீர்ப்புச் சொல்லவில்லை.

பட்டறைக்காரன்:

டீச்சர், அது சரி. ஜெயிலா? எந்த ஜெயில்?

கரிக்கோடு:

அதைச் சொல்லத்தான் வந்தேன், நீங்களே இழுத்துவிட்டீர்கள்.

சூவே 1772-ல் ரோம் போனார், 1778 வரை இருந்தார். தாவித் 1775-ல் வந்து சேர்ந்தார். இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில், பரிசு பெற்றவர்கள் தங்கும் பிரெஞ்சு அகாடமி இருந்த கோர்சோ தெரு மன்சீனி மாளிகையில், மூன்று வருஷம். சாப்பாட்டு மேஜையில் என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது. திரும்பி வந்து 1780-ல் சூவே அகாடமி உறுப்பினரானார்.

பிறகு பிரெஞ்சுப் புரட்சி. 1792-ல் ரோமில் இருந்த பிரெஞ்சு அகாடமிக்கு இயக்குநராக சூவே தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்த நேரத்தில் தாவித் வெறும் ஓவியர் இல்லை, புரட்சியின் நாடாளுமன்றமான கன்வென்ஷன் சபையின் உறுப்பினர். அந்த நவம்பரிலேயே சபை இயக்குநர் பதவியை ஒழித்துவிட்டது. ஆளை மாற்றவில்லை, நாற்காலியையே உடைத்துவிட்டார்கள்! அடுத்த ஜனவரி 13-ல் ரோமில் பஸ்வில் என்ற பிரெஞ்சுப் பிரதிநிதியைக் கூட்டம் தாக்கியது, அந்தக் காயத்தில் அவர் இறந்தார். மன்சீனி மாளிகையும் சூறையாடப்பட்டது. போயிருந்தால் சூவே அதில் மாட்டியிருப்பார். தாவித்தின் கோபம் அவரைக் காப்பாற்றியது என்றுகூடச் சொல்லலாம், கொஞ்சம் குரூரமாகப் பார்த்தால்.

அதோடு முடியவில்லை. 1794-ல் பாரிஸில் சென்-லசார் சிறை. உள்ளே யார் யார் தெரியுமா? இடிபாடுகளை வரைந்தே பெயர் வாங்கிய ஊபேர் ரொபேர், கவிஞர் ரூஷே, கவிஞர் ஆந்திரே ஷெனியே. ஷெனியேயின் முகம் இன்று நமக்குத் தெரிகிறதென்றால் அது சூவே கையால். ஜூலை 17-ல் அங்கே வைத்து வரைந்தார். நெற்றி ஏறிய தலை, அலங்காரம் ஏதும் இல்லாத பின்புலம். ஜூலை 25-ல் ஷெனியேயின் தலை கில்லட்டினில் போனது, அதே நாளில் ரூஷேயும். அந்தத் தலைவெட்டு ஆட்சியை நடத்திய ரொபேஸ்பியர் கவிழ்ந்தது 27-ம் தேதி. இரண்டே நாள்.

பட்டறைக்காரரே, அந்த முகமும் மனதில் ஒட்டவில்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

லா_ஷப்பல்வாசி:

இதில் இன்னொரு முடிச்சு. 1791-ல் இதே ஷெனியே, புரட்சியின் தொடக்கத்தில் மக்கள் பிரதிநிதிகள் எடுத்த டென்னிஸ் மைதானச் சபதத்தைப் பற்றி எழுதிய நீண்ட கவிதையை தாவித்துக்குத்தான் சமர்ப்பித்தார். மூன்று வருஷத்தில் தாவித் பொதுப் பாதுகாப்புக் குழுவில் உட்கார்ந்து கைது உத்தரவுகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார், ஷெனியே உள்ளே. ஷெனியே சிறையில் எழுதியவை சலவைத் துணிக்குள் சுருட்டி வெளியே போயின. பெரும்பாலானவை 1819-ல்தான் அச்சானது.

சும்மா_வந்தவன்:

அப்படியென்றால் சூவேயை உள்ளே தள்ளியது தாவித்தா? 1771-க்குப் பழி? செம கதை, படமே எடுக்கலாம்.

ஓவிய_டீச்சர்:

படம் எடுங்கள், இங்கே வரலாறு என்று எழுதாதீர்கள். தாவித் அந்தக் குழுவில் இருந்தார், சூவேயை அவருக்குப் பிடிக்காது, இது வரை சரி. அந்த இரண்டையும் நாமாக ஒட்டினால் அது வாட்ஸாப் பார்வர்டு. அந்த வருஷம் பாரிஸில் உள்ளே போக ஓவியனாகத் தோற்றிருக்கவோ ஜெயித்திருக்கவோ வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் ஒரு புகார் கொடுத்தால் போதும்.

இன்னொரு விஷயம், யாரும் தொடாததால் சொல்கிறேன். சூவேயிடம் பெண்களும் படித்தார்கள். கான்ஸ்தான்ஸ் மேயர் முதலில் இவரிடமும் க்ரூஸ் என்ற ஓவியரிடமும் கற்றவர். 1801-ல் அவர் வரைந்த படம் ஒன்று அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு மியூசியத்தில் இருக்கிறது. அப்பா பக்கத்தில் நின்று ரஃபேலின் மார்பளவுச் சிலையைக் காட்டுகிறார், இவள் கையில் ஓவியத் தாள்கள். பிறகு ப்ருதோன் என்ற ஓவியரோடு சேர்ந்தாள். இவள் வேலை எது, அவர் வேலை எது என்று இன்றுவரை பிரிக்க முடியாதபடி இவள் படங்கள் அவர் பெயரில் விலைபோயின. 1821-ல் ப்ருதோனின் சவரக்கத்தியால் உயிரை விட்டாள். சூவே பற்றிய இழையில் இது வேண்டாமோ என்று யோசித்தேன். ஆசிரியரைப் பற்றிப் பேசும்போது மாணவியை விட முடியவில்லை.

பழைய_அட்லஸ்:

குறுக்கே வருகிறேன். ஃப்ளெமிஷ் செவ்வியல் ஓவியர் என்றால் எனக்கு மிக்கீல் ஸ்வீர்ட்ஸ்தான் நினைவுக்கு வருவார். 1618-ல் பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர், ரோமில் வேலை செய்தவர், பூசான் என்ற பிரெஞ்சு ஓவியரின் பாணியில் பழங்கால நகரம் ஒன்றில் கொள்ளைநோய் பரவுவதை வரைந்தார், அது இன்று லாஸ் ஏஞ்சல்ஸில். ஊர் திரும்பி ஓவியப்பள்ளி வைத்தார். திடீரென்று 1662-ல் மிஷனரிகளோடு கிழக்கே கிளம்பிவிட்டார். பாரசீகத்தில் அவர்களோடு சண்டை, அவர்களே கழற்றிவிட்டார்கள். கடைசியில் கோவா வந்து சேர்ந்து 1664-ல் அங்கேயே செத்தார். நம் பக்கத்து மண்ணில் கிடக்கிறார், யாருக்கும் தெரியாது!

கரிக்கோடு:

அட்லஸ் சார், இது தனி இழைக்கான சமாச்சாரம். தொடங்குங்கள், முதல் ஆளாக வருகிறேன். சூவேக்கு நூறு வருஷம் முந்தையவர் என்பதால் இங்கே கலக்க வேண்டாம்.

லா_ஷப்பல்வாசி:

ரோம் கதையை முடித்துவிடுவோம். 1795-ல் இயக்குநர் பதவி மறுபடி சூவேக்கே வந்தது. ஆனால் போர், அரசியல் என்று இழுத்து 1801-ல்தான் அவரால் ரோம் போய்ச் சேர முடிந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டது 49 வயதில், போய் உட்கார்ந்தது 58-ல். அங்கே போனால் மன்சீனி மாளிகை சீரழிந்து கிடக்கிறது. 1803-ல் அதைக் கொடுத்துவிட்டு வில்லா மெதிச்சியை வாங்கிக்கொண்டார்கள். பிரான்சும், அப்போது டஸ்கனியை ஆண்ட எத்ரூரியா அரசும் செய்த மாற்று. மெதிச்சி குடும்பம் சேர்த்த பழைய சிலைகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே ஃபுளோரன்சுக்குப் போய்விட்டன. ஆக சூவேக்குக் கிடைத்தது மேட்டில் ஒரு பெரிய காலி வீடும் தோட்டமும்தான். அதைப் பழுது பார்த்து, பிளாஸ்டர் அச்சுச் சிலைகளை ஏற்றி வைத்து, மாணவர்களைக் குடியேற்றினார். கூரையும் குழாயுமாகவே கடைசி வருஷங்கள் போயின. 1807 பிப்ரவரி 9-ல் அங்கேயே இறந்தார்.

பிரெஞ்சு அகாடமி இன்றும் அதே வில்லாவில்தான் இருக்கிறது. ரோம் பரிசு 1968-க்குப் பிறகு நின்றுவிட்டது, கட்டடமும் அங்கே தங்கிப் படைப்பதும் தொடர்கிறது. அவர் சாவதற்கு நாலு மாதம் முன், 1806 அக்டோபரில், ஒரு பையன் வந்து சேர்ந்தான். பெயர் ஏங்கர், பின்னாளில் பெரிய ஓவியர். அவனே பின்னாளில், 1835-ல், அதே நாற்காலியில் இயக்குநராக உட்கார்ந்தான்.

பட்டறைக்காரன்:

சரி, கொஞ்சம் இறங்கி வருகிறேன். கட்டடம் கட்டிக் கொடுத்தவருக்கு ஒரு கும்பிடு. ஆனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எல்லோரும் ஷெனியே, ஜெயில், தாவித், வில்லா என்று சுற்றிச் சுற்றி வாழ்க்கையையே பேசுகிறீர்கள். நிழல் படத்தைப் பற்றி கரிக்கோடு எழுதிய நாலு வரி தவிர ஓவியத்தைப் பற்றி இந்த இழையில் என்ன இருக்கிறது?

ஓவிய_டீச்சர்:

நியாயம். அந்தக் கதை மூத்த பிளினி சொன்னது, ‘இயற்கை வரலாறு’ முப்பத்தைந்தாம் புத்தகம். சிக்யோன் ஊர்க் குயவர் பூட்டாடிஸ், கொரிந்தில் தொழில். மகளின் காதலன் வெளியூர் கிளம்புகிறான். அவள் விளக்கொளியில் சுவரில் விழும் அவன் முகத்தின் நிழலைச் சுற்றிக் கோடு போட்டுக்கொள்கிறாள். அப்பா அந்தக் கோட்டுக்குள் களிமண்ணை அப்பி, மற்ற மண்பாண்டங்களோடு சூளையில் வைத்துச் சுட்டு எடுக்கிறார். ரோமானியர்கள் கொரிந்தை அழிக்கும்வரை அது அங்கே இருந்ததாம்.

கவனியுங்கள், பிளினி இதைச் சொல்வது மண்ணில் உருவம் பிடிக்கும் கலை எப்படி வந்தது என்பதற்கு. அவருக்கு நாயகன் அப்பா. பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர்கள் குயவரை மெதுவாக வெளியே அனுப்பிவிட்டுக் காதலர்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். டேவிட் ஆலன் 1775-ல் வரைந்தார், டெர்பி ஊர் ஜோசப் ரைட் 1780-களில் வரைந்தார். ரைட்டின் படத்தில் காதலன் தூங்குகிறான், அதனால் அசைய மாட்டான், வேலை சுலபம். சூவேயின் ஆளோ விழித்துக்கொண்டு அவளைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவள் எப்படிக் கோடு போட முடியும்?

செவ்வியல் பாணிக்காரர்களுக்கு வெளிக்கோடுதான் உயிர், நிறம் அப்புறம். அந்தக் கொள்கையையே ஒரு காதல் காட்சியாக்கியிருக்கிறார். அதனால்தான் மற்ற படங்களில் விறைப்பாக இருக்கும் அதே கை இதில் இளகியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

கரிக்கோடு:

டீச்சர், அருமை. நான் நின்று பார்த்தபோது இவ்வளவு தோன்றவில்லை.

இன்னொன்று, என் முட்டாள்தனம். பிரஸ்ஸல்ஸில் ஒரு வாரம் இருந்தும் அரசு நுண்கலை மியூசியத்துக்குப் போகவில்லை. நெப்போலியன் விழுந்த பிறகு தாவித் 1816-ல் அந்த ஊருக்குத்தான் நாடுகடந்து வந்தார். 1825 டிசம்பரில் அங்கேயே இறந்தார். உடலைக்கூட பிரான்ஸ் திரும்ப ஏற்கவில்லை. சூவேயின் மாணவரும் புரூஜ்காரருமான ஓதவேர் தாவித்திடமும் படித்தவர், அந்தப் பகுதியை அப்போது ஆண்ட நெதர்லாந்து அரசரின் ஓவியர். தாவித் கடைசியாக 1824-ல் முடித்த பெரிய படம் நான் போகாத அந்த மியூசியத்தில்தான் இருக்கிறது: வீனஸ் மார்ஸின் ஆயுதங்களைக் களைகிறாள். 1771-ல் மார்ஸை வைத்துத் தோற்ற ஆள், 53 வருஷம் கழித்து, சூவேயின் மண்ணில் உட்கார்ந்து மறுபடி மார்ஸை வரைந்திருக்கிறார். நான் தங்கியிருந்த விடுதியிலிருந்து நடந்து போகிற தூரம். என்னத்தைச் சொல்ல.

பட்டறைக்காரன்:

டீச்சர் கேட்ட கேள்வி மண்டையில் உட்கார்ந்துவிட்டது. நேற்று ராத்திரி பட்டறையில் செய்து பார்த்தேன். மகளை ஸ்டூலில் பக்கவாட்டில் உட்கார வைத்து, சுவரில் பிரவுன் பேப்பர் ஒட்டினேன்.

டியூப்லைட் வெளிச்சத்தில் நிழலே நிற்கவில்லை, ஓரம் கசிந்துபோனது. அதை அணைத்துவிட்டு மொபைல் டார்ச்சை வைத்ததும் கத்தி வெட்டு போல விழுந்தது. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனால் தலை பூசணிக்காய் ஆகிறது. ஆளைச் சுவரோடு ஒட்டி உட்கார வைத்து வெளிச்சத்தைத் தள்ளி வைத்தால்தான் நிஜ அளவு. நேராகப் போய் நின்று வரைந்தால் என் முதுகே மறைத்துவிடுகிறது. சுவர் பக்கமாக ஒதுங்கி, முகத்துக்கு வெளியிலிருந்து கையை நீட்டினால்தான் முடிகிறது, அப்போதும் சாக்பீஸின் நிழல் ஒன்று கூடவே ஓடுகிறது. நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே மூச்சில் இழுக்க வேண்டும், நிறுத்தினால் அதற்குள் அவள் மூச்சு விட்டுவிடுகிறாள், கோடு இரண்டாகிவிடுகிறது. கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் ஆளை வைத்து இதைச் செய்ய முடியாது, இதை என் அனுபவத்தில் சொல்கிறேன்.

நாலாவது பேப்பரில் சரியாக வந்தது. எனக்குப் பார்த்ததும் தெரிந்தது, அப்படியே அவள். அவள் வந்து பார்த்துவிட்டு, “மூக்கு என்னுது இல்ல, பாட்டியோடது” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். என் அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. பேப்பரைக் கிழிக்கவில்லை, சுவரிலேயே இருக்கிறது.

புரூஜுக்கு அடுத்த முறை யாராவது போனால் அந்தக் கோட்டைக் கிட்டப் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள். அவள் மூக்கைத் தாண்டிவிட்டாளா, இன்னும் நெற்றியில்தான் இருக்கிறாளா?